சத்தத்துக்குத் தனிக் கணக்கு!

ஒன்றும் ஒன்றும் எத்தனை? 'ரெண்டு' என்றால் கணக்கு வாத்தியாருக்குச் சந்தோஷம். பிஸிக்ஸ் வாத்தியாரோ, "எதைக் கூட்டறே, அதைச் சொல்லு முதல்ல!" என்பார். சத்தத்தைக் கூட்டினால் விடை நான்காகவும் வரும், பூஜ்யமாகவும் வரும்!

ஒலி என்பது காற்றில் ஏறி இறங்கும் அழுத்தம். இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்தித்தால், ஏற்றமும் ஏற்றமும் கூடும்; ஏற்றமும் இறக்கமும் கழியும். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம் என்று வையுங்கள். மைக்செட்காரர் இரண்டு ஸ்பீக்கரையும் ஒழுங்காக இணைத்தால், நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அலையின் உயரம் இரண்டு மடங்கு; வலிமை நான்கு மடங்கு. அவசரத்தில் ஒன்றுக்கு மட்டும் ப்ளஸ், மைனஸை மாற்றிச் செருகிவிட்டாரா? தவிலின் 'தொம்' நமுத்துப்போன பட்டாசாகிவிடும். வித்வான் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருப்பார், பாவம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கதை வேறு. பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷினின் சத்தம் 90 டெசிபல் என்றால், பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று ஓடும்போது 180 ஆகாது, 93தான். இரண்டும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து ஏறி இறங்குவதில்லையே! ஒரு கணம் கூடும், மறுகணம் கழியும். சராசரியில் வலிமை இரண்டு மடங்கு. டெசிபல் கணக்கில் அது வெறும் 3. "மூணுதானே சார்!" என்று அலட்சியம் வேண்டாம். நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு வரம்பே 90தான்.

'எதிர் அலையை அனுப்பி மெஷினை அடக்கிவிடலாமே?' நியாயமான கேள்வி. ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே இதற்கு அமெரிக்க பேட்டன்ட் வாங்கிவிட்டார். 1978-ல் விமானத்தில் பறந்தபடியே, இதை ஹெட்போனுக்குள் கொண்டுவரக் கணக்குப் போட்டார் அமர் போஸ். அப்பா வங்காளத்துக்காரர். இன்று ஆவடி லோக்கலில் பலர் காதில் செருகியிருப்பது அந்த வித்தைதான்.

ஆனால், ஷாப் முழுவதையும் அப்படி அடக்க முடியாது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ. ஓர் அலை 17 செ.மீ. கூடுதலாகப் பயணித்தாலே கழித்தல், கூட்டலாகிவிடும்! அதனால் காதருகேதான் வித்தை பலிக்கும். அதுவும் 'ங்ங்ங்' என்ற சீரான இரைச்சலுக்கு. பிரஸ்ஸின் 'டமார்' அதற்கு அடங்காது.

ஆகவே தம்பிகளே, பாட்டுக் கேட்கும் இயர்போன் ஷாப்பில் கவசம் ஆகாது. முறையான இயர் பிளக்கோ, இயர் மஃப்போ போட்டுக்கொள்ளுங்கள். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அங்கே கழித்தல் மட்டும்தான், கூட்டலே கிடையாது!