எய்தவன் எங்கே?

துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அதைத் தோளில் தாங்கிய ஒரு மனிதனும், குறி பார்க்கும் ஒரு கண்ணும், விசையை இழுக்கும் ஒரு விரலும் நம் மனத்தில் எழுதல் இயல்பு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்து மக்கள் அஞ்சி வாழும் துவக்குக்கோ இம்மூன்றும் இல்லை. அது புதருக்குள் கவைக் கம்புகளின்மேல் பேசாமல் கிடக்கிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய கயிறொன்று பாதையின் குறுக்கே ஓடி, எதிர்ப்புறத்துச் செடியில் முடிகிறது. கயிற்றில் இடறியது பன்றியின் காலா, பால்வெட்டப் புறப்பட்ட பெண்ணின் காலா என்பதை அது அறியாது. இதற்குத்தான் கட்டுத்துவக்கு என்று பெயர்.

ஊர்ப்பட்டறையில் உருவான ஓர் இரும்புக் குழாயே இதன் உடல். வெடிமருந்தும் ஈயக்குண்டும் இரும்புத் துணுக்குகளும் இதன் வயிற்றில் இருக்கும். பன்றியின் உயரத்துக்கு இசைய நிலத்தை ஒட்டி வைக்கப்படுவதால், மனிதன் அகப்படும்போது பெரும்பாலும் முழங்காலையும் அதனைச் சூழ்ந்த பகுதியையுமே தாக்குகிறது. அருகிலிருந்து பாய்வதாலே எலும்பு நொறுங்குகிறது. இரத்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. மண்ணும் துருவும் சதைக்குள் புகுந்துவிடுகின்றன. உயிர் தப்பினும் கால் தப்பாத நிலை பலருக்கு நேர்கிறது. நாள்தோறும் மலையேறி இறங்கினால்தான் அடுப்பெரியும் என்றிருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கால் போவது எத்தகைய இழப்பு என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இவ்வபாயம் மிகுதியாக உண்டு. அதற்குக் காரணம் நில அமைப்பும் தொழில் நேரமுமே. நுவரெலியாவைப்போலத் தேயிலை மலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் தொடர்ந்து கிடக்கும் நாடன்று இது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றைப் பக்கங்களில் இறப்பரும் தேயிலையும் கிராமத்துத் தோட்டங்களும் காடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்குச் செல்லும் குறுக்குப்பாதை எவர் எவருடைய நிலத்தையெல்லாம் கடந்து போகிறது என்பது நடப்பவருக்கே தெரியாது. இறப்பர் மரமோ விடியற்பொழுதில்தான் தாராளமாகப் பால் தரும். வெயில் ஏற ஏறப் பால் சுருங்கும். எனவே பால்வெட்டுவோர் இருள் பிரியுமுன்பே கத்தியும் வாளியுமாகப் புறப்படுகின்றனர். பகலில் விறகு பொறுக்கச் செல்லும் பெண்களும், மாலையில் மாட்டைத் தேடிச் செல்லும் சிறுவர்களும் வேறு இருக்கிறார்கள். பன்றிக்கென்று பூட்டிய பொறி, பன்றி நடக்கும் வழியில்தான் இருக்கும். மனிதர் நடக்கும் வழியும் பல இடங்களில் அதுவே.

கட்டுத்துவக்கு வைப்பவனைக் கொலைகாரன் என்று ஏசிவிட்டு இவ்விடயத்தை முடித்துவிட இயலாது. ஒரே இரவில் மரவள்ளிப் பாத்தியையும் வற்றாளைக் கொடியையும் கிண்டித் துவம்சம் செய்துவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கே அவனுடைய வயிற்றெரிச்சல் விளங்கும். அவன் பெரும்பாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயி. லயத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் நம்மவர்களிலும் சிலர் இக்காரியத்தைச் செய்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. பயிர் தின்னும் விலங்குகளின் தொல்லை நாடளாவியது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில் ஐந்தே நிமிடத்தில் நாடெங்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணுமாறு அரசாங்கம் மக்களையே கேட்டுக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைக் கேலி செய்தவர்கள் பலர். பயிரிழந்தவர்கள் கேலி செய்யவில்லை.

பன்றி பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே ஆதாயம் குறைந்த மலைகள் பல கவ்வாத்தும் களையெடுப்பும் இன்றிக் கைவிடப்பட்டன. கைவிட்ட தேயிலை மரமாக வளரும். மரத்தின் அடியில் மானாப்புல் மண்டும். புல்லுக்குள் பன்றி குட்டி போடும். ஒரு காலத்தில் நம் பாட்டிமார் கொழுந்து பறித்த மலையில் இன்று பன்றி வாழ்கிறது. பன்றியைத் தேடிச் சிறுத்தையும் துவக்கும் வருகின்றன.

இதற்குச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நூறாண்டு கடந்தும் நடைமுறையில் இருக்கிறது. உரிமமின்றித் துவக்குச் செய்வதும் வைத்திருப்பதும் அதன்படி குற்றம். பட்டறையில் பிறந்த கட்டுத்துவக்குக்கு எந்த மாவட்டச் செயலகமும் உரிமம் வழங்கப் போவதில்லையாதலால், அது பிறக்கும்போதே சட்டவிரோதமாகப் பிறக்கிறது. 1996 இன் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தோருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்ட தீர்ப்புகளை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஒருவர் இறந்துவிட்டால், கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

ஆனால் இவையெல்லாம் துவக்கை வைத்திருக்கும் ஒரு கையைத் தேடுகின்றன. கட்டுத்துவக்குக்கோ கை இல்லை. வெடிச்சத்தம் கேட்டதும் வைத்தவன் ஓடிவந்து குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால், எஞ்சுவது இரண்டு கம்புகளும் இரத்தக்கறையுமே. நிலத்துக்குரியவரைக் கேட்டால் "நான் வைக்கவில்லை, எவன் வைத்தானோ" என்பார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இங்கே எய்தவனையும் காணோம், அம்பையும் காணோம்.

பிறர் கண்ட வழி

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தும் இதே சிக்கலில் அகப்பட்டிருந்தது. அங்கே இதை வைத்தவர்கள் ஏழை விவசாயிகளல்லர். மானும் முயலும் தங்களுக்கே உரியவை என்று கருதிய நிலப்பிரபுக்கள். 1820 இல் ஒரு வழக்கு வந்தது. காட்டுக்குள் கொட்டை பொறுக்கச் சென்ற ஒருவன் கட்டுத்துவக்கால் காயமுற்றான். அங்கே துவக்கு இருப்பதாக அறிவிப்புப் பலகை இருந்தது, அவனும் அதை அறிந்திருந்தான், ஆகவே நட்டஈடு கிடையாது என்று நீதிபதிகள் தீர்த்தனர். அடுத்த ஆண்டில் சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார் 'எடின்பரோ றிவியூ' இதழில் இம்முறையைக் கண்டித்து எழுதினார். பிறர் நிலத்தில் கால் வைத்த குற்றத்துக்கு எந்த நீதிமன்றமும் மரணதண்டனை விதிக்காதபோது, நிலத்துக்காரன் ஒரு கயிற்றைக் கட்டி அதை விதிக்கலாமா என்பதே விவாதத்தின் சாரம்.

1825 இல் பிரிஸ்டல் நகருக்கருகே இன்னொன்று நேர்ந்தது. ஒருவர் தம் விலையுயர்ந்த துலிப் மலர்களைக் களவு போகாமற் காக்க மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் கட்டுத்துவக்கு வைத்திருந்தார். அறிவிப்பு ஏதும் வைக்கவில்லை. அயலவரின் பெட்டை மயிலொன்று உள்ளே பறந்துவிட, அதைப் பிடித்துக் கொடுக்க மதிலேறிக் குதித்த பத்தொன்பது வயது இளைஞனின் முழங்காலருகே குண்டுகள் பாய்ந்தன. அவனுக்கு நட்டஈடு வழங்கவேண்டுமென்று 1828 இல் தீர்ப்பாயிற்று. அதற்குள், பிரபுக்கள் சபையில் சஃபீல்ட் பிரபு விடாது முயன்று, முதன்முறை தோற்றும் மனந்தளராமல், 1827 இல் கட்டுத்துவக்கைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்ததே அதன் பொருட்டுத்தான். உயிருக்கோ உடலுக்கோ கொடுங்கேடு விளைக்கக்கூடிய துவக்கை அந்நோக்கத்தோடு பொறியாக வைத்தலே குற்றம்; எவரும் அடிபட்டிருக்க வேண்டியதில்லை. அதனோடு நில்லாமல், தன் நிலத்தில் வேறொருவன் வைத்த துவக்கை அறிந்தும் அப்படியே இருக்கவிட்டவன், தானே வைத்தவனாகக் கருதப்படுவான் என்றும் அது கூறிற்று. "எவன் வைத்தானோ" என்ற விடைக்கு அங்கே இடம் குறுகிப்போயிற்று.

சட்டத்தை மாற்றியவர்கள் எக்காலத்தும் சட்ட அறிஞர்கள் மட்டுமல்லர். 1996 மார்ச் 13 ஆம் திகதி ஸ்கொட்லாந்திலே டன்பிளேன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதத்தில் அங்கே பூத்திருந்த பனித்துளிப் பூவின் பெயரால் அவ்வூரின் தாய்மாரும் நண்பர்களும் ஒரு விண்ணப்பம் தொடங்கினர். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 1997 இல் பிரித்தானியாவில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. அதே 1996 ஏப்ரலில் போர்ட் ஆதரில் 35 பேர் மாண்டபின், அவுஸ்திரேலியா ஆறு இலட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி அழித்தது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. சட்டவிரோதச் சிற்றாயுதப் பெருக்கத்துக்கெதிரான தேசிய ஆணைக்குழு 2004 இல் அமைக்கப்பட்டது. 2005 ஜூலை 9 ஆம் திகதி 35,000 அளவிலான துப்பாக்கிகள் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. ஆயுதங்களை ஒப்படைக்கப் பொதுமன்னிப்புக் காலங்கள் அறிவிக்கப்பட்டதும் உண்டு. தற்காப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு 2024 இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. 1894 முதல் இயங்கிவரும் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போன்றவை பொறிகளுக்கும் கண்ணிகளுக்கும் எதிராகக் குரல் கொடுத்து வருகின்றன; வேட்டைப் பிரியர்கள் கூடித் தொடங்கிய சங்கம் அது என்பது ஒரு வேடிக்கை. ஆயினும் ஆயுத ஆணைக்குழுக்களின் கண் நகரத்துக் கொலைத் துப்பாக்கியின்மேல் இருக்கிறது. விலங்கன்பர்களின் கண் யானையின்மேலும் சிறுத்தையின்மேலும் இருக்கிறது. பால்வெட்டும் பெண்ணின் காலைப்பற்றிப் பேச வேண்டியவர்கள் நாமே.

என்ன கேட்பது? தண்டனை ஆண்டுகளை இன்னும் கூட்டு என்று கேட்பதால் பெரும்பயன் விளையாது என்பது என் எண்ணம். பிடிபடாதவனுக்கு ஐந்தாண்டும் ஒன்றே, ஐம்பதாண்டும் ஒன்றே. நிலத்தை ஆள்பவர், அந்நிலத்தில் அறிந்தே விட்டுவைத்த பொறிக்குப் பொறுப்பாளி என்ற விதியைக் கேட்கலாம். அவ்விதி கிராமத்து விவசாயிக்கும் உரியது. பாழ்மலைகளைக் காடாக விட்டிருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் உரியது. பால்வெட்டுப் பாதைகளின் இருமருங்கும் புதர் வெட்டுதல் பெருஞ்செலவன்று. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்கு அமரும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேலையின்போது அடிபட்டவர் 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை நாட வழியுண்டு. ஆனால் அதே தோட்டத்தில் விறகுக்குச் சென்று அடிபட்ட அவர் தாய்க்கு அந்த வழி இல்லை. இந்த வேறுபாட்டையும் எவரேனும் கேட்டாக வேண்டும். அதனோடு, கட்டுத்துவக்கைத் தானே கொண்டுவந்து ஒப்படைப்பவனிடம் வழக்குப் பேசாமல், அவனுடைய பயிரிழப்புக்கு ஏதேனும் கொடுக்கவும் வேண்டும். பன்றிக்கு விடை சொல்லாமல் துவக்கை மட்டும் பறித்தால், நாளை அவன் வேலியில் மின்கம்பியை மாட்டுவான். அது துவக்கிலும் கொடியது.

சட்டம் வரும் வரையில் வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. பாதையின் குறுக்கே கயிறோ கம்பியோ கண்ணிற்பட்டால் அதைத் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், தாண்டவும் வேண்டாம். அருகில் இன்னொன்று இருத்தல் கூடும். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பின்னால் வருவோரை நிறுத்திவிட்டு, 119 என்ற இலக்கத்துக்குப் பொலிசாரை அழையுங்கள். எவரேனும் அடிபட்டிருந்தால், அவரிடம் செல்லுமுன் வழியில் வேறு கயிறு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரத்தம் நிற்கும் வரை விடாமல் அழுத்துங்கள். நம் லயங்களில் வழக்கமாகச் செய்வதுபோலக் கோப்பித் தூளையோ மஞ்சளையோ அப்பிவிடாதீர்கள்; உள்ளே இருக்கும் குண்டுகளைத் தோண்டவும் முயலாதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். லயம் வரை வாகனம் ஏறாத தோட்டமாயின், அழைக்கும்போதே எந்தச் சந்தியில் காத்திருப்பீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, கதவுப் பலகையொன்றில் கிடத்தி அவரை அங்கே தூக்கிச் செல்லுங்கள்.