வாசாவைக் காயவிடாதீர்கள்!

தம்பி, பாப்பா, பக்கத்தில் வந்து உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கப்பல் கதை. கதைக்கு முன்னால் ஒரு கேள்வி.

முந்நூறு வருடத்துக்கும் மேலாகக் கடலடியில் கிடந்த ஒரு மரக்கப்பலை வெளியே எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

"காய வைப்போம், மாமா!"

யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அப்படிக் காய வைத்திருந்தால் அந்தக் கப்பல் பாழாகியிருக்கும். "ஏன்?" என்று உடனே கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்விக்காகவே உங்களுக்குக் கதை சொல்லலாம்.

கப்பலின் பெயர் வாசா. சுவீடன் நாட்டு அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் கட்டச் சொன்ன போர்க்கப்பல். 69 மீட்டர் நீளம். 64 பீரங்கிகள். 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் கிளம்பியது. 1,300 மீட்டர்தான் போயிருக்கும். ஒரு காற்று அடித்தது. மேல்பாரம் அதிகம் என்பதால் கப்பல் சட்டென்று சாய்ந்தது. பீரங்கிகளுக்காகத் திறந்து வைத்திருந்த சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், முழுகிவிட்டது. எதிரியின் ஒரு குண்டுகூட அதன்மேல் படவில்லை!

1660களிலேயே, மணி வடிவக் கூட்டுக்குள் நின்றபடி ஆட்கள் கடலில் இறங்கிப் பெரும்பாலான பீரங்கிகளை எடுத்துவிட்டார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். கப்பல் மட்டும் சேற்றிலேயே கிடந்தது. அது எங்கே இருக்கிறது என்பதே மெல்ல மெல்ல மறந்துபோனது.

மரம் அத்தனை காலம் எப்படி மிஞ்சியது? அதற்குக் காரணம் ஒரு சின்ன உயிரி. கப்பல் புழு என்பார்கள். பார்த்தால் புழு மாதிரி இருக்கும், ஆனால் அது சிப்பிக்குச் சொந்தக்காரன். மரத்தைத் துளைத்துத் தின்பதுதான் அதன் வேலை. உப்பு நிறைந்த கடலில்தான் நன்றாக வாழும். ஸ்டாக்ஹோம் இருப்பது பால்டிக் கடலோரம். நிறைய ஆறுகள் வந்து சேர்வதால் அங்கே தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கப்பல் புழுவுக்கு அங்கே வேலையில்லை. நம் வங்காள விரிகுடாவில் முழுகியிருந்தால் மரம் என்றோ சல்லடையாகியிருக்கும்.

இதை யோசித்துப் பார்த்தவர் ஆந்தர்ஸ் ஃபிரான்சேன். புழு இல்லாத கடலில் பழைய மரக்கப்பல்கள் இருந்தே தீர வேண்டும் என்று நினைத்தார். பழைய ஏடுகளைப் புரட்டினார். படகில் போய், நுனியில் துளையுள்ள கனமான எஃகுக் கருவியைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கி இறக்கிப் பார்த்தார். 1956 ஆகஸ்டில் அந்தக் கருவி ஒரு துண்டு ஓக் மரத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது!

ஏன் கறுப்பு? ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். மரம் நீண்ட காலம் சேற்றில் கிடந்தது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. பிறகு முக்குளிப்பவர் ஒருவர் இறங்கினார். அடியில் கும்மிருட்டு. கையால் தடவியே, இரண்டு வரிசைச் சாளரங்கள் இருக்கின்றன என்று சொன்னார். பெரிய போர்க்கப்பல்தான்!

இனி அதைத் தூக்க வேண்டும். 32 மீட்டர் ஆழம். கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டினார்கள். மண்வெட்டியால் இல்லை, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரால். இங்கே ஒரு சிக்கல். தண்ணீர் முன்னால் பீய்ச்சினால், குழாயைப் பிடித்திருப்பவர் பின்னால் தள்ளப்படுவார் இல்லையா? அதனால் கொஞ்சம் தண்ணீர் பின்பக்கமும் பீய்ச்சும்படி குழாய்முனையைச் செய்தார்கள். இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எவ்வளவு எளிய யோசனை! எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சுரங்கங்களுக்குள் எஃகு வடங்களை விட்டு, மேலே இரண்டு பெரிய மிதவைகளில் கட்டினார்கள். மிதவைக்குள் தண்ணீரை நிரப்பினால் அது தாழும். அப்போது வடத்தை இறுக்க வேண்டும். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டால் மிதவை மேலே எழும், கப்பலையும் கூடவே தூக்கும். 1959இல் இப்படிப் பதினெட்டுத் தடவையாகத் தூக்கித் தூக்கி, ஆழம் குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் உடனே மேலே எடுக்கவில்லை. கப்பலின் இரும்பு ஆணிகளெல்லாம் துருப்பிடித்துக் கரைந்து, ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. மர ஆணிகள்தான் பலகைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. முக்குளிப்பவர்கள் ஆயிரக்கணக்கான ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சாளரங்களையும் மூடினார்கள். 1961 ஏப்ரல் 24ஆம் தேதி வாசா தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது. உள்ளிருந்த தண்ணீரை இறைத்தார்கள். சில நாளில் அது தானே மிதந்தது!

வெளியே வந்ததும் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? அதன்மேல் தண்ணீர் தெளித்தது. விடாமல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய குழாய்களின் கூட்டம். நீருக்கடியில் கிடந்த வருடங்களில் பாக்டீரியாக்கள் அந்தக் குழாய்களின் சுவரை அரித்துத் தின்றுவிட்டன. மெலிந்த சுவர் விழாமல் முட்டுக்கொடுத்து நிற்பது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சும்மா போகாது. தன் பரப்பு இழுவிசையால் சுவர்களையும் உள்ளே இழுக்கும். சுவர் மடங்கும். மரம் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, வெடிக்கும்.

கொஞ்சம் கடினமாக இருக்கிறதா? பரவாயில்லை, ஒரு நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்தால் நெல்லி வற்றல்: கறுத்துச் சுருண்டு போகும். தேனில் ஊறவைத்தால் தேன்நெல்லி. அது வற்றல் அளவுக்குச் சுருங்குவதில்லையே, ஏன்? வெளியே போகும் தண்ணீரின் இடத்தில் தேனின் சர்க்கரை போய் உட்கார்ந்துகொள்கிறது. சதை தாங்கி நிற்கிறது.

வாசாவுக்கும் அதே வைத்தியம்தான். சர்க்கரைக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருள். தண்ணீரில் நன்றாகக் கரையும். களிம்புகளிலும் உதட்டுச் சாயத்திலும்கூடச் சேர்ப்பார்கள். அதைத் தண்ணீரில் கலந்து, 1962 முதல் கப்பல்மீது தெளிக்கத் தொடங்கினார்கள். முதலில் நீர்த்த கரைசல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக. எடுத்ததும் கெட்டியாகத் தெளித்தால், மெழுகு உள்ளே போவதற்குள் தண்ணீர் வெளியே ஓடிவந்துவிடும். பிறகு சுருக்கம்தான். ஓக் மரமோ இறுகியது, எதையும் லேசில் உள்ளே விடாது. ஆகவே 1979 வரை தெளித்தார்கள். பதினேழு வருடம்! அன்றைக்குப் பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் காயவிட்டார்கள். ஆமாம், காய வைத்தார்கள்தான்! நீங்கள் சொன்னது தப்பில்லை, நேரம்தான் முந்திவிட்டது.

உடைந்து தனித்தனியே கிடைத்த துண்டுகள் 13,000க்கும் மேல். எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க, பழைய ஆணித் துளைகள் உதவின. துளைக்கு நேரே துளை வந்தால், அதுதான் இடம். இன்று நிற்கும் கப்பலில் 98 விழுக்காடு பழைய மரமே. 1990இல் அதற்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

கதை முடிந்ததா? இல்லை, கப்பலுக்கு மறுபடி உடம்புக்கு வந்துவிட்டது. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் வெகுகாலம் ஊர்க் கழிவுநீர் கலந்தது. அதனால் ஆக்சிஜன் குறைந்த அடித்தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுவை உண்டாக்கின. அந்தக் கந்தகம் மரத்துக்குள் ஊறியது. துருவேறிய ஆணிகளின் இரும்பும் மரத்தில் இருந்தது. கந்தகமும் இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால்? கந்தக அமிலம்! 2000ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் மழைக்காலம் போன்ற கோடை. நனைந்த உடையோடு கூட்டம் வந்து போனது. அப்போது மரத்தின்மேல் உப்புப் பூத்ததைக் கண்டார்கள், சோதித்தால் அமிலத்தின் அடையாளம்.

அதன்பிறகு அரங்கின் காற்றைச் சீராக வைக்கப் புதிய கருவிகள் வந்தன. கப்பலை மீட்டபின் அடித்திருந்த 5,000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளை உருவிவிட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தினார்கள். 2011இல் தொடங்கிய அந்த வேலைக்கே ஏழு வருடம் பிடித்தது.

இப்போது உங்கள் முறை. அந்த மெழுகுப்பொருள் தண்ணீரில் கரையும் என்றேன், நினைவிருக்கிறதா? அப்படியானால், அந்த அரங்கில் காற்றின் ஈரம் அடிக்கடி ஏறி இறங்கினால், அமிலத்தைத் தவிர வேறு என்ன தொல்லை வரும்? யோசித்து ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.