தவறிப் பார்க்க இடமிருந்த ஆட்டம்

அறுபதுகளின் பெங்களூரில், மல்லேசுவரத்துப் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து ஆடக் கிடைத்த இடம் கனரா யூனியன் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் ஆட்டம் இல்லை. மண்டபம் காலி என்று தெரிந்தால், பள்ளி விட்டதும் அங்கே ஓடுவார்கள். அப்படி ஓடிய பிரகாஷ் படுகோன், 1971-இல் ஜூனியர், சீனியர் தேசியப் பட்டங்கள் இரண்டையும் வென்றார். அப்போது அவருக்கு வயது 16. சீனியர் பட்டம் தொடர்ந்து 9 ஆண்டுகள் அவரிடமே இருந்தது.

இன்று அதே நகரத்தில், 1994-இல் அவர் விமல் குமாரோடு சேர்ந்து தொடங்கிய பயிற்சி மையம் இருக்கிறது. அன்று, 1980-இல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற பிறகும், தரமான எதிராளிகளோடு நாள்தோறும் ஆடுவதற்காகப் பிரகாஷ் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. அல்மோராவில் பிறந்த இன்றைய வீரர் லக்ஷ்யா சென்னுக்கோ, சிறுவயதிலேயே பெங்களூருக்கு வந்தது போதுமானதாக இருந்தது.

ஆட்டமும் மாறிவிட்டது. 1980 மார்ச் 23, வெம்ப்ளியில் ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டம். எதிரே இந்தோனேசியாவின் லிம் ஸ்வீ கிங். முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன், எகிறி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர்போனவர். பிரகாஷ் அந்த வேகத்தோடு போட்டியிடவில்லை. எங்கே அடிக்கப் போகிறார் என்பதை அவர் மணிக்கட்டு கடைசிக் கணம்வரை காட்டிக்கொடுக்கவில்லை. டாஸ், டிராப், அரை ஸ்மாஷ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கிங் விரும்பிய வேகத்தில் ஆட்டம் ஓடாதபடி பார்த்துக்கொண்டார். முடிவு 15-3, 15-10. சீனா அப்போது சர்வதேச இறகுப்பந்துச் சம்மேளனத்துக்கு வெளியே இருந்ததால், அதன் வீரர்கள் அந்தப் போட்டியில் இல்லை. அந்தக் குறையும் மறு ஆண்டே தீர்ந்தது: கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் சீனாவின் ஹான் ஜியானை 15-0, 18-16 என்று வென்றார்.

அன்று 15 புள்ளி ஆட்டம். சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. தன் சர்வீஸில் ஒரு நுட்பமான டிராப் வலையில் மாட்டினால் சர்வீஸ்தான் போகும், புள்ளி போகாது. ஏமாற்றிப் பார்க்கவும், பொறுத்திருந்து மறுபடி முயலவும் அந்த விதியே இடம் கொடுத்தது. 2006-இல் 21 புள்ளி முறை வந்தபின் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு புள்ளி விலை. ஆட்டம் விறுவிறுப்பானது, உடல் வலுவின் மதிப்பு கூடியது. 2023-இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸில் இடம்பெற்றார். பிரகாஷின் காலத்தில் யாரும் கற்பனை செய்திராத எண் அது.

பெற்றதைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிரகாஷுக்குப் பின் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை 2001-இல் கோபிசந்த் கொண்டுவந்தார். 2022-இல் லக்ஷ்யா இறுதிவரை சென்று விக்டர் ஆக்செல்சனிடம் தோற்றார். அதே ஆண்டு மே மாதம் பாங்காக்கில் நடந்த தாமஸ் கோப்பை அணிப் போட்டியின் இறுதியில், 14 முறை அந்தக் கோப்பையை வென்றிருந்த இந்தோனேசியாவை இந்தியா 3-0 என்று வீழ்த்தியது. லக்ஷ்யா, சாத்விக்-சிராக் இணை, ஸ்ரீகாந்த் ஆகியோர் அடுத்தடுத்து வென்றார்கள். ஒற்றை மனிதரின் திறமையை நம்பியிருந்த நாட்டுக்கு ஓர் அணி கிடைத்தது.

இழந்தது எண்ணிக்கையில் அடங்காது. தவறிப் பார்க்கும் அவகாசம் போட்டிக் களத்திலிருந்து போய்விட்டது. பிரகாஷின் மணிக்கட்டு பழகியது அந்த அவகாசத்தில்தான். விதி இனித் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். ஆனால் களம் தராத அந்த அவகாசத்தைப் பயிற்சி வேளையிலாவது பிள்ளைகளுக்குத் தர வேண்டும். வலுவாக அடிக்கப் பழக்குவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை, வலையில் மாட்டினாலும் பரவாயில்லை என்று டிராப் ஆடிப் பார்க்க ஒதுக்கலாம்.