முன்னாள் படைவீரரும் சுங்கச் சாவடியும்

நமது சங்கங்களின் அங்கத்தினர்களுள், இளமையில் படையில் சேர்ந்து பணிபுரிந்து, ஓய்வு பெற்றபின் தறிக்கும் ஏருக்கும் திரும்பியவர்கள் பலர் உளர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பிப் பெயர்பெற்ற ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. இத்தகைய அன்பர்களிடமிருந்து ஒரு வினா அடிக்கடி எழுகிறது. “நாட்டின் எல்லையைக் காத்து நின்ற நாங்கள், நாட்டின் சாலையில் செல்வதற்கும் சுங்கம் செலுத்த வேண்டுமா?” என்பதே அது.

இதற்குப் பலரும் பலவாறு விடை கூறுகின்றனர். முன்னாள் படைவீரர் என்ற அடையாளச் சீட்டைக் காட்டினால் போதும் என்பார் சிலர். பணியிலிருந்து விலகிய எவர்க்கும் சலுகை இல்லை என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் சரியன்று. அரைகுறையாக அறிந்து சாவடிக்குச் செல்வதால் வீண் வாக்குவாதமும், முதிய வீரர் ஒருவர் பலர் முன்னிலையில் தலைகுனிய நேரும் நிலையும் உண்டாகின்றன. ஆதலின் சட்டம் கூறுவது யாது, அதன் காரணம் யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

சுங்கம் எதற்கு?

தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம், 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவினால் மத்திய அரசுக்கு அளிக்கப்பட்டுள்ளது. கட்டணத்தின் அளவையும் வசூலிக்கும் முறையையும் 2008-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. சாலைக்கு மட்டுமின்றிப் பெரிய பாலம், புறவழிச் சாலை, சுரங்கவழி ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும்.

நான்கு வழியும் அதற்கு மேலும் உள்ள சாலைகளுக்கு, 2007-08-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசும், இலகுரகச் சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசும், பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசும் என விதிகளில் குறிக்கப்பட்டது. இவ்வடிப்படையின் மீது ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டெண் உயர்வில் 40 சதவீதமும் கூட்டப்படுகின்றன. 60 கிலோமீட்டர் தூரத்துக்கு அடிப்படை விகிதத்தில் காருக்கு 39 ரூபாயும், சரக்கு வண்டிக்கு 63 ரூபாயும் ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், விலக்கின் மதிப்பு எத்துணை என்பது புலனாகும்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இரு சக்கர வண்டி, மூன்று சக்கர வண்டி, டிராக்டர், அறுவடை இயந்திரம், மாட்டு வண்டி ஆகியவற்றுக்கு இவ்விதிகளின்படி பொதுவாகக் கட்டணமே இல்லை. பக்கச் சாலை இருக்கும் இடங்களில் மெதுவாகச் செல்லும் வண்டிகள் அதன் வழியே செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே மோட்டார் சைக்கிளில் செல்லும் முன்னாள் வீரர்க்கு இப்பிரச்சினை பொதுவாக எழுவதில்லை. கார் வைத்திருப்பவர்க்கே பெரும்பாலும் அது எழுகிறது.

1901-ஆம் ஆண்டின் சட்டம்

படையினர்க்குச் சுங்க விலக்கு என்பது புதிய ஏற்பாடன்று. 1901-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இன்று அது இந்தியச் சுங்கங்கள் (தரைப்படை மற்றும் விமானப்படை) சட்டம் என வழங்குகிறது. அதன் பயன் பின்னர்க் கடற்படைக்கும் உரியதாயிற்று. சாலை, பாலம், படகுத்துறை ஆகிய இடங்களில் படையினரும் அவர்தம் தளவாடங்களும் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதே இதன் நோக்கம். படை விரைந்து செல்ல வேண்டிய வேளையில், துறைதோறும் நின்று சில்லறை எண்ணிக் கொண்டிருத்தல் இயலுமா?

ஆகவே இச்சட்டம் பணியைக் கருதி எழுந்தது. பணி முடிந்து ஊர் திரும்பியவர்க்கு இது பொருந்தாது. முன்னாள் படைவீரர் அடையாளச் சீட்டு பல நன்மைகளுக்கு உரிய ஆவணமேயாயினும், தேசிய நெடுஞ்சாலையில் சுங்க விலக்குக்கு அது மட்டும் போதாது.

வீரத்துக்கு அளிக்கும் விலக்கு

எனினும் ஓய்வு பெற்றோர் அனைவரையும் விதிகள் ஒருசேர ஒதுக்கிவிடவில்லை. 2008-ஆம் ஆண்டு விதிகளின் 11-ஆம் விதியில் உள்ள விலக்குப் பட்டியலில் ஆறு விருதுகள் குறிக்கப்பட்டுள்ளன. அவை பரம் வீர் சக்கரம், அசோகச் சக்கரம், மகா வீர் சக்கரம், கீர்த்திச் சக்கரம், வீர் சக்கரம், சௌரியச் சக்கரம் என்பன. இவற்றுள் ஒன்றைப் பெற்றவர், உரிய அதிகாரி சான்றளித்த புகைப்பட அடையாளச் சீட்டைக் காட்டினால் அவர் செல்லும் வண்டிக்குக் கட்டணம் இல்லை. அவர் இன்றும் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பரம் வீர், மகா வீர், வீர் என்னும் மூன்று சக்கரங்களும் 1950 ஜனவரி 26-ஆம் நாள் நிறுவப்பட்டன. அவை பகைவரை எதிர்த்து நின்ற வீரத்துக்கு உரியவை. ஏனைய மூன்றும் 1952-இல் தோன்றி, 1967-இல் இன்றைய பெயர்களைப் பெற்றன. அவை போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு உரியவை. நீண்டகாலப் பணிக்கும் போரில் பங்கு கொண்டமைக்கும் வழங்கப்படும் ஏனைய பதக்கங்கள் பலவுண்டு. அவை பெருமைக்குரியனவே, ஆயினும் இப்பட்டியலில் இல்லை.

உடற்குறைக்கு வேறொரு வழி உண்டு. ஊனமுற்றோர் பயன்படுத்துவதற்கென்றே தனியாக வடிவமைத்துச் செய்யப்பட்ட வண்டிக்கும் அதே 11-ஆம் விதி விலக்களிக்கிறது. போரில் காலிழந்த வீரர் இத்தகைய வண்டியை வைத்திருப்பின், வீரர் என்ற முறையில் அன்றி, அவ்வண்டியின் அமைப்பைக் கொண்டு விலக்குப் பெறலாம். இங்கு வண்டியின் அமைப்பே அளவுகோல் என்பதை நினைவிற் கொள்க.

2021 பிப்ரவரி 15 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லா வழிகளும் பாஸ்டேக் வழிகளாயின. விலக்குக்கு உரியோர்க்கெனத் தனி பாஸ்டேக் வழங்கும் ஏற்பாடும் உள்ளது. தகுதியுடையோர் அதனை முன்னதாகவே விண்ணப்பித்துப் பெறுதல் நலம். மேலும், இதுகாறும் கூறியவை தேசிய நெடுஞ்சாலைக்கே உரியவை. மாநில அரசின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் அந்தந்த இடத்து விதிகளே செல்லும்.

அனைவர்க்கும் ஏன் இல்லை?

கூட்டுறவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. சங்கத்தில் ஒருவர்க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், அத்தொகை ஆகாயத்தில் மறைந்து விடுவதில்லை. மற்ற அங்கத்தினரின் இலாப ஈவில் குறைகிறது. சாலையும் அவ்வாறே. அரசின் பணத்தால் அமைந்த சாலையில் வசூலாகும் கட்டணம் இந்தியத் தொகுப்பு நிதியைச் சேர்கிறது. அதில் குறைவது பொதுமக்களின் பணம். ஒப்பந்தக்காரர் முதலிட்டு அமைத்த சாலையாயின், இலவசமாகச் செல்லும் வண்டிகளையும் கணக்கிட்டே அவர் தம் ஒப்பந்தத்தை அமைத்துக் கொள்வார். ஆதலின் யார்க்கு விலக்கு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும்; ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

பிற நாட்டிலும் இவ்வெண்ணமே காணப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம், ஊனமுற்ற முன்னாள் வீரர், உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றோர், போரில் காயமுற்றமைக்கான பதக்கம் பெற்றோர் போன்ற சிலர்க்கே சுங்கச் சலுகை அளிக்க இடம் தருகிறது. அதுவும் சாலை நிர்வாகம் விரும்பினால் அளிக்கலாம் என்ற அளவில்தான். ஆயினும் அங்கே போரில் பட்ட காயமே ஒரு தகுதியாக எண்ணப்படுகிறது. நமது விதியிலோ விருது இல்லாத காயமுற்ற வீரர்க்கு, தனியமைப்புள்ள வண்டி இருந்தாலன்றி, வழியில்லை. இது சிந்திக்கத் தக்கது.

இன்னொரு குறையும் உண்டு. விருது பெற்றவர் தாமே தம் சீட்டைக் காட்ட வேண்டும் என்பது விதியின் வாசகம். இதுவரை பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேருள் 14 பேர்க்கு அது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. உயிரையே ஈந்தவர் சீட்டைக் காட்டச் சாவடிக்கு வரப்போவதில்லை. அவர்தம் மனைவியையும் பெற்றோரையும் வாசகத்தில் வெளிப்படையாகச் சேர்த்தல் நியாயம் என்பது நமது கருத்து. அவர்கள் தொகை சிறிது. பிறர் மேல் விழும் சுமையும் சிறிது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

முதலாவது, அங்கத்தினருள் விருது பெற்றவரோ, ஊனமுற்ற வீரரோ இருப்பின், அவர்க்குரிய சான்றும் தனி பாஸ்டேக்கும் பெறுவதற்குக் காரியதரிசி மனு எழுதி உதவலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகினால் சான்றுகள் பற்றிய வழி தெரியும்.

இரண்டாவது, சங்கத்தின் நூல் மூட்டைகளையும் துணிக் கட்டுகளையும் விளைபொருள்களையும் ஏற்றிச் செல்லும் வண்டியில், சுங்கம் மிச்சமாகும் என்றெண்ணி, விலக்குடைய ஒருவரை உடன் ஏற்றிச் செல்லுதல் கூடாது. ஒருவரின் வீரத்துக்கு அளித்த மரியாதையைச் சரக்குக் கூலியாக மாற்றுவது முறையன்று. சுங்கத்துக்குச் செலவான தொகையைப் பாஸ்டேக் கணக்கின் நகலோடு செலவுச் சீட்டில் சேர்த்து வைத்தால் தணிக்கையில் எவ்விதத் தடையும் எழாது. ஒரே நாளில் சென்று திரும்பும் வண்டிக்கு, 24 மணி நேரத்துக்குள் திரும்பினால், இருமடங்கு அன்றி ஒன்றரை மடங்குக் கட்டணமே உண்டு. இதனை அறிந்து பயணத்தை வகுத்தால் நேர்மையான முறையிலேயே பணம் மிச்சமாகும்.

மூன்றாவது, கார் இல்லாத முன்னாள் வீரரையும் நினைத்தல் வேண்டும். அவர் பஸ்ஸில் செல்கிறார். சுங்க விலக்கு எத்துணை விரிந்தாலும் அவர் கைக்கு ஒரு காசும் வாராது. அவர்க்கு வேண்டியவை தடையில்லாத தறி வேலையும், காலத்தில் கிடைக்கும் பயிர்க்கடனும், விளைபொருளுக்கு உரிய விலையுமாம். இவற்றை அளிக்க டெல்லியிலிருந்து விதி வர வேண்டியதில்லை. நமது துணை விதிகளும் நிர்வாகக் குழுவின் நல்லெண்ணமும் போதும். அடுத்த பொதுச்சபையில் நமது சங்கத்து முன்னாள் வீரர்களின் பட்டியலைப் படித்து, யார்க்கு எது குறை என்று கேட்டறிந்து ஆவன செய்வோமாக.