குறும்பா? குற்றமா?

பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில், இணையக் குற்றங்களையும் அதற்கான சட்டத்தையும் பற்றிய பாடம் கடைசியில்தான் வருகிறது. சி பிளஸ் பிளஸ்ஸோடு மல்லுக்கட்டி ஓய்ந்த பெண்களிடம் "தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000" என்று ஆரம்பித்தாலே கொட்டாவிதான். மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடிகாலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிற குழந்தைகள்; அவர்களைச் சொல்லி என்ன பயன்?

இந்த முறை கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஐந்தைந்து பேராக உட்காரவைத்து, ஒரு சம்பவம் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தேன். ஒரு குழு புகார் சொல்ல வேண்டும், அடுத்தது எதிர்வாதம், மூன்றாவது நீதிபதிகள். சட்டப் பிரிவுகளின் நகல் எல்லார் கையிலும்.

முதல் சீட்டு: ஹாஸ்டலில் தூங்கும் தோழியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள் ஒருத்தி.

"66-இ டீச்சர்! மூணு வருஷம் ஜெயில்!" என்றது புகார் குழு, கொஞ்சம் சந்தோஷமாகவே.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "பிரிவை முழுசாப் படிங்கடி. அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாம படமெடுத்தாத்தான் அது. வாயைப் பொளந்துக்கிட்டு தூங்கறது அதுல வராது."

ஒரே சிரிப்பு. நீதிபதிகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பிரிவில் வராவிட்டால் செய்துவிடலாமா என்று மணியடிக்கும்வரை சண்டை. படத்தை நீக்கி, அதே குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தீர்ப்பு! நான் பாடமாக நடத்தியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மறுநாள் சீட்டு நிஜ வழக்கு. 2004-ல் சென்னையில், விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரையும் போன் நம்பரையும் போட்டு, யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிவிட்டான் அவரை மணக்க விரும்பியிருந்த ஒருவன். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, போலீசுக்குப் போனார். அதே வருஷம் நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவனைத் தண்டித்தது. இதைக் கேட்டு வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்னொரு குழு பழைய கைடைப் பார்த்து 66-ஏ என்று வாதாடியது. அந்தப் பிரிவுதான் இப்போது இல்லையே! மனம் புண்படும்படி இணையத்தில் எழுதினாலே கைது என்றிருந்த அதை எதிர்த்து, 2012-ல் ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 மார்ச் 24-ல் அது செல்லாது என்று தீர்ப்பானது. "ஒரு பொண்ணு போய்ச் சட்டத்தையே மாத்த முடியுமா டீச்சர்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு கேள்வியால். "யாராவது நம்ம படத்தை வச்சு மிரட்டினா, வீட்டுல சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க. படிப்பையே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. அப்புறம் சட்டம் இருந்து என்ன டீச்சர்?" ஐந்து குழுவிலும் ஒரே பேச்சு. ஒரு குழுகூட எதிர்வாதம் செய்யவில்லை.

சகோதரிகளே, அந்தக் கேள்வி நமக்குத்தான். மகள் வந்து சொன்னால், "நீ ஏன் போட்டோ அனுப்பினே?" என்ற விசாரணையை ஒத்திப் போடுங்கள். மிரட்டல் செய்தியை அழிக்காமல், தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டியவனுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது. இந்த இரண்டு நம்பரையும் எங்கள் பெண்கள் நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் போனிலும் பதிந்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.