இடுப்பெலும்பு முறிந்தவருக்கு உடனே யூரின் டியூப் போடாதது ஏன்?

சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "சிறுநீர் போகாமல் துடிக்கிறாரே டாக்டர், ஒரு டியூப் போட்டுவிட்டால் என்ன?" அடிவயிறு உப்பி ஒருவர் வலியில் கிடக்கும்போது இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், ஆண் நோயாளியின் சிறுநீர்த் துவாரத்தில் ஒரு துளி இரத்தம் தென்பட்டாலும், டியூபைக் கையில் எடுக்கும் முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடவே நாங்கள் விரும்புகிறோம்.

ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை நீளமானது. இடுப்பெலும்பின் முன்பகுதியை ஒட்டியே செல்கிறது. எலும்பு முறிந்து விலகும்போது அப்பாதையும் கிழியக்கூடும். பாதி கிழிந்த பாதையில் டியூபை அழுத்திச் செலுத்தினால் காயம் பெரிதாகலாம். ஆகவே துவாரத்தின் வழியே சாய மருந்தை மெல்லச் செலுத்திப் படம் எடுக்கிறோம். மருந்து தடையின்றிச் சிறுநீர்ப்பையை அடைந்தால் பாதை நலமாக உள்ளது. வெளியே கசிந்தால் கிழிந்துள்ளது. சில நிமிட வேலைதான். உயிருக்கே ஆபத்தான நிலையில் வருபவருக்கு மட்டும் இதனைத் தள்ளிவைக்கிறோம்.

"ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. பாதி நிரம்பிய சிறுநீர்ப்பையில் கிழிசல் கண்ணுக்குத் தப்பிவிடும். பெரியவர்களுக்கு 300 மில்லியேனும் சாய மருந்து கலந்த நீரை நிரப்பிய பிறகு எடுக்கும் சி.டி. படத்தையே நம்ப முடியும். அதில் சிறுநீர் வயிற்றறைக்குள் சிந்துவது தெரிந்தால் அறுவை சிகிச்சை அவசியம். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும் வேளையில் அடிவயிற்றில் பலத்த அடிபட்டால் அதன் மேற்பகுதி இவ்வாறு வெடிக்கிறது. நெடும்பயணத்தில் சிறுநீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்போர் இதை நினைவில் கொள்ளலாம். கசிவு வயிற்றறைக்கு வெளியே மட்டும் இருந்தால், பெரும்பாலும் இரண்டு வாரங்கள் அளவில் டியூப் இருந்தாலே காயம் ஆறிவிடும்; எலும்புத் துண்டு குத்தியிருப்பது போன்ற சில நிலைகளில்தான் தையல் தேவைப்படும்.

பாதை முற்றிலும் அறுந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அடிவயிற்றின் வழியே நேராகச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் பொருத்தி வீட்டுக்கு அனுப்புகிறோம். பாதையை இணைக்கும் அறுவை சிகிச்சை பொதுவாக மூன்று மாதங்களுக்குப் பின்னரே. எங்களைக் கைவிட்டுவிட்டார்களோ என்று குடும்பத்தார் கலங்குவது இக்காலத்தில்தான். உறைந்த இரத்தமும் வீக்கமும் வற்றித் தழும்பு உறுதிப்பட்ட பிறகே இணைப்பு நன்கு நிலைக்கும் என்பதால்தான் இக்காத்திருப்பு. அதுவரை சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையில் வைக்க வேண்டாம். சிறுநீர் வருவது நின்றாலோ, காய்ச்சல் கண்டாலோ, டியூப் கழன்றாலோ இரவானாலும் உடனே வாருங்கள். குறித்த நாளில் டியூபை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்கள் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றும் உண்டு. இடுப்பெலும்பு முறிவில் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் பாதிக்கப்படுவதால் ஆண்குறி விறைப்பு குறையலாம். சிலருக்கு நாளடைவில் தானாகவே சீராகும். மற்றவர்களுக்கும் சிகிச்சை உண்டு. மனைவியோடு வந்தாலும் தனியாக வந்தாலும் கூச்சமின்றிக் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் மெல்லிய தாரையாகவோ முக்கி முக்கியோ வந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுத்திருக்க வேண்டாம். வரும்போது முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் எடுத்து வாருங்கள். ஆண்டுகள் கழிந்தாலும் அவை எங்களுக்குத் தேவைப்படும்.