மன்னாரில் இறங்குவோம்

"மன்னாருக்குச் சென்றதுண்டா?" என்று முந்தைய தலைமுறையினரை வினவினால், "மன்னார் வழியாகச் சென்றதுண்டு" என்றே பலர் விடை பகர்வர். அவர்கள் கூற்றில் பிழையில்லை. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கொழும்பில் இரவு புகையிரதம் ஏறியவர் தலைமன்னார்த் துறையில் இறங்கிக் கப்பலேறித் தனுஷ்கோடியை அடைவார். அங்கிருந்து மீண்டும் புகையிரதத்திலே சென்னைக்குச் செல்வார். அவருக்கு மன்னார் என்பது இருளிலே கடந்துபோன ஒரு நிலையத்தின் பெயர். வாயிலைக் கடந்து வீட்டினுள் செல்பவர் வாயிற்படியை நின்று நோக்குவதில்லை அன்றோ? இன்று நாம் அந்த வாயிற்படியிலே சற்று அமர்ந்து பார்ப்போம்.

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீட்டிய விரல் போன்றது மன்னார்த் தீவு. நீளம் ஏறத்தாழ 26 கிலோமீற்றர். பெருநிலத்தையும் தீவையும் ஒரு தாம்போதியும் புகையிரதப் பாலமும் இணைக்கின்றன. மழை குறைந்த வறண்ட நிலமாயினும், நாற்புறமும் கடல் சூழ்ந்திருத்தலால் காற்றிலே ஈரம் மிகுதி. சித்திரை, வைகாசியில் வருவோர் காலை ஒன்பது மணிக்கே புழுக்கத்தால் வாடுவர். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிக்காலம். அதன் பின்வரும் தை, மாசி மாதங்களே பயணிக்கு உகந்தவை. வங்காலைச் சதுப்புநிலத்திலும் சுற்றியுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பிலும் செந்நாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதையும் அப்போது காணலாம்.

மன்னார் நகரைக் காண விரும்புவோர் விடியற்காலையில் எழவேண்டும். தோணிகள் கரை சேரும் வேளை அது. மீனை ஏலங் கூறுவோரின் குரலும், கோயில் மணியும், மாதா கோவில் மணியும், பள்ளிவாசலின் பாங்கொலியும் அடுத்தடுத்துக் கேட்கும். சந்தை விழித்துக்கொள்ளுமுன்பே தெருக்களை நிறைப்பவை கழுதைகள். உரியவர் எவருமின்றி அவை கூட்டமாகத் திரிகின்றன. அக்காலத்து அரபு வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள் இவை என்பது ஊரார் வழக்கு. வணிகர் போயினர், பொதிகளும் போயின, கழுதைகள் தங்கிவிட்டன.

பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரமும் அவ்வாறே வந்து தங்கியதுதான். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தின் அடி ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுடையது. உயரமோ எட்டு மீற்றருக்கும் குறைவு. தலைகீழாக நட்டு வைத்தது போன்ற தோற்றம். இதன் வயது எழுநூறு ஆண்டு என்பர். இதுவும் அரபு வணிகர் கொணர்ந்ததே என்பது வழக்கு. தாம்போதியின் அருகே உள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் புதுக்கினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவர்களுக்கெல்லாம் முன்னரே இக்கரை உலகறிந்த துறையாக இருந்தது. தாம்போதிக்கு அப்பால், பெருநிலத்திலே, பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம் உள்ளது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. அதனை அடுத்த மாதோட்டத்தில் அகழ்ந்தபோது சீனத்து மட்கலங்களின் துண்டுகளும் மேற்காசியக் கலங்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. கீழ்த்திசைக் கப்பலும் மேல்திசைக் கப்பலும் சந்தித்த இடம் அதுவெனக் கொள்ளலாம்.

இனித் தலைமன்னாருக்குச் செல்வோம். மேற்கு முனையில் நின்றால், ஆதாம் பாலம் எனவும் இராமர் அணை எனவும் வழங்கும் மணற்றிட்டுகளின் தொடர் இந்தியா நோக்கிச் செல்வது தெரியும். அருகே பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் உள்ளன. இவ்விடத்தில் விரைந்து திரும்பிவிடுதல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழகத்து ஏழைகள் இக்கரையோரம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. பாட்டன் வந்திறங்கிய கரையிலிருந்தே பேரன், தான் கண்டறியாத நாட்டுக்குக் கப்பலேறினான். 1980களின் நடுப்பகுதியில், போர்ச் சூழலிலே அந்தக் கப்பற்போக்குவரத்தும் நின்றது.

போர் இத்தீவையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறிச்சோடின. மக்கள் புத்தளம் முதலிய இடங்களிலே அகதிகளாயினர். போர் ஓய்ந்தபின் பலர் திரும்பினர். 2015 மார்ச்சில் புகையிரதம் மீண்டும் தலைமன்னார்த் துறையை அடைந்தது. விடியற்காலையில் கேட்கும் என்று நாம் கூறிய மூன்று ஒலிகளும் ஒருங்கே கேட்பது எளிதில் வாய்த்த இன்பமன்று என்பது இதனால் விளங்கும்.

நேயர்களே, மன்னாரில் மலையருவி இல்லை, மாளிகை இல்லை, வெயிலும் புழுக்கமும் உண்டு. ஆயினும் வந்தவரும் போனவரும், போய் மீண்டவரும் விட்டுச்சென்ற சுவடுகளை ஒரே நாளிற் காணத்தக்க ஊர்கள் நம் நாட்டிற் சிலவே. அடுத்தமுறை அவ்வழியாகச் செல்ல நேர்ந்தால், வழியாகச் சென்றுவிடாதீர்கள். ஒருநாள் இறங்கித் தங்குங்கள். பெருக்கமரத்தின் நிழலிலே சிறிதுநேரம் இருந்துவிட்டு, மாலையில் தலைமன்னார்க் கரைக்குச் சென்று, அங்கே நடந்தவர்களை ஒருகணம் நினையுங்கள்.